அப்பாவின் கல்லீரலில் தற்செயலாகத் தெரிந்த அபூர்வ நீர்க்கட்டி: ஆபரேஷன் செய்யலாமா, விட்டுவிடலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வரும். அப்பாவுக்கு 78 வயது. வலது விலாப்பக்கம் வலித்ததால், சிறுநீரகக் கல்லாக இருக்குமோ என்று டை (ரத்த ஓட்டம் படத்தில் தெளிவாகத் தெரிய ஏற்றும் மருந்து) போடாமல் ஒரு சிடி ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். கல் இல்லை, வலியும் இரண்டே நாளில் போய்விட்டது. ஆனால் கல்லீரலின் நான்காம் பகுதியில் 3.8 செ.மீ. கட்டி ஒன்று இருப்பதாகவும், அதன் அடர்த்தி 34 என்றும் ரிப்போர்ட் வந்திருக்கிறது. கீழே மூன்று பெயர்கள்: சிலியேட்டட் ஃபோர்கட் சிஸ்ட், மியூசினஸ் சிஸ்டிக் நியோபிளாசம், ரத்தம் கசிந்த சாதாரண நீர்க்கட்டி. சர்ஜன் எடுத்துவிடலாம் என்கிறார், குடும்ப டாக்டர் இந்த வயதில் வேண்டாம் என்கிறார். இதயத் துடிப்பு சீராக இல்லாததால் அப்பா ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் க்ரியேட்டினின் அளவு 1.6. ஊசி போட்டு நீரை எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இத்தனைக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: சும்மா விட்டால் வரும் ஆபத்து பெரிதா, கை வைத்தால் வரும் ஆபத்து பெரிதா?

நான் ரேடியாலஜிஸ்ட். கல்லீரல், பித்தநாளப் படங்களைப் படிப்பதும், சர்ஜன்களோடும் கல்லீரல் மருத்துவர்களோடும் உட்கார்ந்து இதுபோன்ற நோயாளிகளைப் பற்றி முடிவெடுப்பதும் பல வருடமாக என் வேலை. அப்பாவின் படங்களை நான் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. அதனால் நான் எழுதுவது, அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது என்ன கேட்க வேண்டும் என்பதற்கு உதவும். அவருடைய முடிவுக்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இப்போதைக்கு ஆபரேஷனும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். ஒரு நல்ல எம்ஆர்ஐ, கிடைக்கிற பழைய ஸ்கேன்கள், இரண்டும் கைக்கு வந்த பிறகு பேசினால் போதும். அதற்குச் சில வாரங்கள் ஆனால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். கல்லீரலில் சாதாரண நீர்க்கட்டி வயதானவர்களிடம் மிகச் சகஜம். வயது ஏற ஏற அதிகம் பேருக்குத் தென்படும், பெண்களிடம் இன்னும் கூடுதல். பித்தநாளத்தில் இருப்பது போன்ற செல்கள் ஒரே வரிசையாகப் பதிந்த மெல்லிய சுவர், உள்ளே தெளிந்த நீர், பித்தநாளத்தோடு தொடர்பு கிடையாது. இது புற்றுநோயாக மாறிவிடுமோ என்று பயப்பட வேண்டியதில்லை. அல்ட்ராசவுண்டில் உள்ளே முழுக் கறுப்பாகவும், சுவர் கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லியதாகவும், கட்டிக்குப் பின்பக்கம் வெளிச்சம் கூடியும் தெரிந்தால் அத்தோடு சோதனை முடிந்தது. தொந்தரவு தராத அப்படிப்பட்ட கட்டிக்குத் தொடர்ந்து ஸ்கேன் எடுக்கக்கூட வேண்டாம் என்றுதான் ஐரோப்பியக் கல்லீரல் ஆய்வுச் சங்கம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் சொல்கிறது.

அப்பாவின் கட்டியை அந்த வகையில் உடனே சேர்க்க முடியாததற்குக் காரணம் அந்த 34. சிடி அளவுகோலில் தண்ணீர் என்றால் பூஜ்யம். சாதாரண நீர்க்கட்டி 0 முதல் 20-க்குள் வரும். 34 என்றால் உள்ளே வெறும் நீர் இல்லை. சளி போன்ற கெட்டித் திரவமாக இருக்கலாம், பழைய ரத்தமாக இருக்கலாம், திடமான சதையாகவும் இருக்கலாம். டை போடாத சிடியால் இவற்றைப் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த நிலையில் மூன்று பெயர்களை எழுதிய ரேடியாலஜிஸ்ட் சரியாகத்தான் செய்திருக்கிறார். ஆனால் வீட்டில் எல்லோரும் அந்த வரியை அப்பாவுக்கு வந்த நோயின் பெயராகப் படித்துவிட்டீர்கள் என்று உங்கள் கேள்வியிலிருந்து தெரிகிறது. அது இனிமேல் சரிபார்க்க வேண்டியவற்றின் பட்டியல், அவ்வளவுதான்.

அந்தப் பட்டியலில் ஒரு பெயரை இப்போதே கிட்டத்தட்ட அடித்துவிடலாம். மியூசினஸ் சிஸ்டிக் நியோபிளாசம் (சளி சுரக்கும், புற்றுநோயாக மாறக்கூடிய கட்டி) என்று சொல்ல, கட்டியின் சுவரில் சினைப்பையில் இருப்பது போன்ற திசு இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வரையறுத்தது. அதன் பிறகு இந்த நோய் ஏறக்குறைய முழுக்கப் பெண்களுக்கு மட்டுமே வருவதாகிவிட்டது, அதிலும் நடுவயதுப் பெண்களுக்கு. இதுவே உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டாக இருந்திருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். ஆண்களிடம் இதே இடத்தில் யோசிக்க வேண்டியது பித்தநாளத்துக்குள்ளேயே வளரும் ஒருவகைக் கட்டி. அது நாளத்தோடு தொடர்பு வைத்திருக்கும், நாளம் விரிந்திருக்கும். எம்ஆர்ஐயில் பித்தநாளத்தைத் தனியாகப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அடுத்தது சிலியேட்டட் ஃபோர்கட் சிஸ்ட். கரு வளரும்போது முன்குடலிலிருந்துதான் கல்லீரலும் மூச்சுக்குழாயும் முளைக்கின்றன. அப்போது பிரிந்து கல்லீரலுக்குள் தங்கிவிட்ட ஒரு துணுக்கிலிருந்து இந்தக் கட்டி உருவாகிறது என்பதே பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கம். அதனால்தான் அதன் உள்சுவரில், மூச்சுக்குழாயில் இருப்பதுபோல் மெல்லிய மயிரிழை கொண்ட செல்கள் இருக்கும். அடியில் ஒரு தசை அடுக்கும் இருக்கும். 1857-லேயே ஃப்ரீட்ரைக் என்பவர் விவரித்துவிட்டார், இன்றைய பெயர் 1984-இல் வந்தது. இத்தனை காலத்தில் மருத்துவ இதழ்களில் பதிவானவை நூறு சொச்சத்தைத்தான் தாண்டியிருக்கின்றன. பெரும்பாலும் நான்காம் பகுதியில், கல்லீரல் உறையை ஒட்டி, 4 செ.மீ.க்குள் இருக்கும். உள்ளே சளி இருந்தால் சிடியில் அடர்த்தி கூடித் தெரியும். ஆக இடம், அளவு, அடர்த்தி மூன்றும் அப்பாவுக்குப் பொருந்துகிறது.

ஆனாலும் என் எண்ணம் முதலில் மூன்றாவது பெயரிடம்தான் போகிறது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் 78 வயதுக்காரர், திடீரென வலது விலாவில் வலி, இரண்டு நாளில் தானாகத் தணிவு: பல வருடமாக இருந்த ஒரு சாதாரண நீர்க்கட்டிக்குள் கொஞ்சம் ரத்தம் கசிந்திருந்தால் இந்தக் கதை அப்படியே பொருந்தும். அபூர்வ நோய் தன் வழக்கமான தோற்றத்தில் வருவதைவிட, சகஜமான நோய் அபூர்வத் தோற்றத்தில் வருவதே அதிகம். இது என் ஊகம். உறுதி செய்ய வேண்டியது எம்ஆர்ஐ.

எம்ஆர்ஐயில் என்ன பார்ப்பார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் முடிவு அங்கேதான் இருக்கிறது. முதல் கேள்வி, உள்ளே இருப்பது என்ன. எம்ஆர்ஐயில் டி1, டி2 என்று இரண்டு வகைப் படங்கள் உண்டு. டி2 படத்தில் நீர்க்கட்டி பெரும்பாலும் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். டி1 படத்தில் வெறும் நீர் கறுப்பாக இருக்கும். ரத்தமோ கெட்டிச் சளியோ இருந்தால் வெளுத்துத் தெரியும். கசிந்த ரத்தம் என்றால் பலமுறை அடியில் படிந்து ஒரு மட்டக்கோடு தெரியும், அல்லது உள்ளே நூல்நூலாகத் திரிந்து கிடக்கும். இரண்டாவது கேள்விதான் உயிரானது: சுவரிலோ உள்ளேயோ ரத்த ஓட்டம் உள்ள சதை இருக்கிறதா? டை ஏற்றிய பிறகு எது ஒளிர்கிறதோ அது உயிருள்ள திசு. உறைந்த ரத்தக் கட்டி ஒளிராது. பார்ப்பதற்கு முண்டு போல இருந்தாலும் ஒளிரவில்லை என்றால் அது வெறும் உறைவு; சிறிய முண்டாக இருந்தாலும் ஒளிர்ந்தால் பயப்பட வேண்டியது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. கட்டி டி1 படத்தில் ஏற்கெனவே வெளுத்திருந்தால், டை ஏற்றிய பின் இன்னும் வெளுத்ததா இல்லையா என்று கண்ணால் சொல்வது கடினம். அதற்காக, டைக்குப் பிந்தைய படத்திலிருந்து முந்தைய படத்தைக் கம்ப்யூட்டரில் கழித்துப் பார்ப்போம். கழித்தபின் மிஞ்சும் வெளிச்சம்தான் நிஜமான ரத்த ஓட்டம். இந்தக் கழித்த படங்களை எடுக்காமலே ‘சுவரில் ஒளிர்வு இருக்கலாம்’ என்று எழுதப்பட்ட ரிப்போர்ட்டோடு ஆபரேஷன் பேச்சு வரை போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் ஸ்கேன் சென்டரில் சீட்டு கொடுக்கும்போதே ‘கட்டிக்குள் ரத்தம் இருக்குமோ என்று சந்தேகம், சப்ட்ராக்‌ஷன் படமும் பித்தநாளப் படமும் வேண்டும்’ என்று டாக்டரை எழுதித் தரச் சொல்லுங்கள்.

க்ரியேட்டினின் 1.6 என்பதால் டை போடலாமா என்று தயங்குகிறீர்கள். 78 வயது ஆணுக்கு அந்த அளவில் ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம்) 40-க்குச் சற்று மேல் வரும். எம்ஆர்ஐக்கு இப்போது பெரும்பாலும் பயன்படுத்தும் புதிய வகை கடோலினியம் டையால் அந்த நிலையில் ஆபத்து மிகக் குறைவு. 30-க்குக் கீழே போகும்போதுதான் கூடுதலாக யோசிப்போம். பேஸ்மேக்கர் இருந்தால் அது எம்ஆர்ஐக்கு ஏற்றதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். எம்ஆர்ஐ முடியவே முடியாது என்றாலும் வழி இருக்கிறது: நுண்குமிழி மருந்து ஏற்றி எடுக்கும் அல்ட்ராசவுண்ட். அந்தக் குமிழிகளில் உள்ள வாயு மூச்சு வழியாக வெளியேறிவிடும், சிறுநீரகத்துக்கு வேலையே இல்லை. உறைவா, உயிருள்ள சதையா என்று பிரிப்பதில் இது மிக நன்றாக வேலை செய்கிறது. வயதானவர்களுக்கு இதை நாம் இன்னும் அதிகமாகப் பயன்படுத்தலாம் என்பது என் எண்ணம்.

அப்புறம் பழைய ஸ்கேன்கள். செலவே இல்லாத சோதனை இதுதான், ஆனால் பலரும் செய்யாமல் விடுவதும் இதைத்தான். கல்லீரலுக்காக எடுத்ததாகவே இருக்க வேண்டியதில்லை. புராஸ்டேட் அல்ட்ராசவுண்ட், எப்போதோ செய்த முழு உடல் பரிசோதனை, நெஞ்சு சிடி, இதய சிடி எதுவானாலும் தேடி எடுங்கள். நெஞ்சு சிடியின் கடைசிப் படங்களில் கல்லீரலின் மேல்பகுதி கட்டாயம் வந்திருக்கும். அந்த ரிப்போர்ட்டில் கட்டி பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் இருக்கலாம், ஏனென்றால் பார்த்தவர் தேடியது வேறு. அதனால் காகித ரிப்போர்ட் போதாது, படங்கள் பதிந்த டிஸ்க்கே வேண்டும். ஆறு வருடம் முன்பு இதே இடத்தில் இதே அளவில் ஒரு கட்டி இருந்தது என்று தெரிந்தால், அது எந்த ரத்தப் பரிசோதனையைவிடவும் பெரிய ஆறுதல். ஒப்பிடும்போது இருப்பதிலேயே மிகப் பழைய படத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். போன வருடத்தோடு மட்டும் ஒப்பிட்டால் மெதுவான வளர்ச்சி பிடிபடாது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்தை வளர்ச்சி என்று எண்ண வேண்டாம். அளக்கும் கை மாறினாலே அவ்வளவு மாறும்.

ஊசி போட்டு எடுக்கும் யோசனைக்கு வருகிறேன். இதில் நான் தயங்காமல் வேண்டாம் என்பேன். எடுத்த நீரில் செல்கள் சாதாரணமாக இருந்தாலும் சுவரில் வேறோர் இடத்தில் புற்றுநோய் இல்லை என்று அது நிரூபிக்காது. மயிரிழைச் செல்கள் கிடைத்தால் பெயர் உறுதியாகும், ஆனால் அடுத்து என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நிற்கும். நீரிலோ ரத்தத்திலோ பார்க்கும் சிஇஏ, சிஏ 19-9 என்ற புற்றுநோய்க் குறியீட்டு அளவுகள் சாதாரண நீர்க்கட்டியிலும் ஏறியிருக்கும். அவற்றை வைத்துப் பிரிக்க முடியாது என்று நான் மேலே சொன்ன வழிகாட்டுதலே சொல்கிறது. அந்த ரத்தப் பரிசோதனையைச் செய்து, எண் கொஞ்சம் கூடியிருப்பதைப் பார்த்து, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டதுதான் மிச்சம் என்று வந்த குடும்பங்கள் ஏராளம். மாத்திரை காரணமாக ரத்தம் கசியும் ஆபத்து வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஹைடாடிட் எனப்படும் நாடாப்புழுக் கட்டியாக இருந்து, தெரியாமல் ஊசி போட்டால் உள்ளிருக்கும் நீர் கசிந்து கடுமையான ஒவ்வாமை வரலாம், புழு வயிற்றுக்குள் பரவவும் செய்யலாம். அப்பா எப்போதாவது ஆடு, நாய்களோடு நெருங்கிப் பழகியிருந்தால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் பார்ப்பார்கள். அது நெகட்டிவ் என்றாலும் முழுசாக நம்ப முடியாது, படத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நீரை எடுத்துவிடுவதே சிகிச்சை ஆகிவிடாதா என்றால், ஆகாது. சுவர் மறுபடி சுரந்து பெரும்பாலும் திரும்ப நிரம்பிவிடும்.

சரி, எம்ஆர்ஐ வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே ரத்தம், எங்கும் ஒளிர்வு இல்லை, சுவர் மெல்லியது என்று வந்தால் மூன்று மாதம் கழித்து ஒரு முறை பாருங்கள். கசிந்த ரத்தம் காலப்போக்கில் மாறும், கரையும். கட்டி சுருங்கவும் செய்யும். அப்படி மாறினால் கதை முடிந்தது. மாறாக, ஒளிரும் முண்டு, தடித்த தடுப்புச் சுவர், கட்டிக்கு மேற்பக்கம் விரிந்த பித்தநாளம், அல்லது பழைய படத்தோடு ஒப்பிடும்போது தெளிவான வளர்ச்சி இருந்தால் சர்ஜன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அப்போது வயதைக் காரணம் காட்டி மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

உண்மையிலேயே கடினமானது நடுவில் இருக்கும் நிலை: ஒளிர்வு இல்லை, ஆனால் ரத்தம் போலவும் நடந்துகொள்ளவில்லை, ஃபோர்கட் சிஸ்ட் என்றுதான் தோன்றுகிறது. இங்கே மருத்துவர்களிடமே ஒருமித்த கருத்து இல்லை. இந்தக் கட்டியில் செதிள்செல் புற்றுநோய் வந்ததாகச் சில பதிவுகள் உண்டு. அதை வைத்து 3 முதல் 5 சதவீதம் என்று எழுதுகிறார்கள், எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்றும் பரிந்துரைக்கிறார்கள். அந்தச் சதவீதத்தை நான் அப்படியே நம்புவதில்லை. ஆபரேஷன் செய்து எடுத்த கட்டிகள்தான் இதழ்களில் பதிவாகின்றன. தொந்தரவு தராமல் ஒருவரோடு ஆயுள் முழுக்க இருந்துவிட்டுப் போகும் கட்டியை யாரும் எழுதுவதில்லை. ஆகவே நிஜமான ஆபத்து அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். எவ்வளவு குறைவு என்று சொல்லத் தரவு கிடையாது. நாற்பது வயதுக்காரருக்கு இது இருந்தால், முன்னால் இருக்கும் நீண்ட காலத்தை எண்ணி எடுத்துவிடச் சொல்வேன். 78-இல், சிறியதாக, ஒளிர்வு இல்லாமல், வளராமல் இருந்தால் பார்த்துக்கொண்டிருப்பதன் பக்கமே சாய்வேன். நேர்மையான ஒரு சர்ஜன் இதற்கு மாறாகவும் சொல்லலாம், அது தவறு ஆகாது.

அந்தத் தராசில் அடுத்த தட்டில் வைக்க வேண்டியது அப்பாவின் உடல். பிறந்த வருடத்தைவிட அவர் இப்போது எப்படி வாழ்கிறார் என்பதுதான் எனக்கு முக்கியம். மாடிப்படி ஏறுகிறாரா, குளிப்பது உடுப்பது எல்லாம் தானே செய்கிறாரா, கடந்த ஆறு மாதத்தில் எடை குறைந்ததா, நினைவு எப்படி, விழுந்தாரா? இதெல்லாம் நன்றாக இருந்தால், கல்லீரலின் ஓரத்தில் உறையை ஒட்டியிருக்கும் சிறு கட்டியை லேப்ராஸ்கோப்பியில் சுற்றிலும் கொஞ்சம் திசுவோடு எடுப்பது அவர் தாங்கக்கூடிய ஆபரேஷன்தான். பாதிக் கல்லீரலை எடுக்க வேண்டிய இடத்தில் இருந்தால் அது முற்றிலும் வேறு விஷயம். சர்ஜனிடம் கேளுங்கள்: எவ்வளவு கல்லீரல் போகும், மாத்திரையை எத்தனை நாள் நிறுத்துவீர்கள், கட்டியை முழுதாக எடுப்பீர்களா அல்லது மேல்மூடியை மட்டும் வெட்டித் திறந்துவிடுவீர்களா? சந்தேகமுள்ள கட்டியைத் திறந்துவிடுவது சரியில்லை. எடுத்தால் முழுதாக எடுக்க வேண்டும். வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் சில நாள் மனக்குழப்பம் வருவதுண்டு, அதற்கும் வீட்டில் தயாராக இருக்க வேண்டும்.

ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. கட்டிக்குள் கசிவதைவிட மூளையில் அடைப்பு வருவது பல மடங்கு மோசம். புதிதாகக் கசிவு உறுதியானால் சில நாள் நிறுத்தி எப்போது மறுபடி தொடங்குவது என்பதை இதய மருத்துவரும் கல்லீரல் மருத்துவரும் பேசி முடிவு செய்வார்கள். திடீரென்று கடும் வலியோடு தலைச்சுற்றல், குளிரோடு காய்ச்சல், கண் மஞ்சளாவது, இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். காய்ச்சலும் வலியும் சேர்ந்தால் கட்டியில் கிருமி தொற்றியிருக்கலாம். வயதானவர்களிடம் அது வேகமாக மோசமாகும்.

பார்த்துக்கொண்டிருப்பது என்று முடிவானால் அதற்கும் ஒரு கணக்கு வேண்டும். இந்தக் கட்டிக்கு இத்தனை மாதத்துக்கு ஒரு ஸ்கேன் என்று நிலைபெற்ற விதி கிடையாது. என் வழக்கம்: ஆறு மாதத்தில் ஒன்று, அதன்பின் ஒரு வருடத்தில் ஒன்று, மாற்றம் இல்லை என்றால் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவது. சுவர் தெளிவாகத் தெரிந்தால் அல்ட்ராசவுண்டே போதும், ஒவ்வொரு முறையும் எம்ஆர்ஐ வேண்டாம். முதல் நாளே அப்பாவிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: கட்டி வளர்ந்திருப்பதாக வந்தால் ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்வாரா? எந்த நிலையிலும் மாட்டேன் என்று அவர் தெளிவாகச் சொன்னால், வருடாவருடம் ஸ்கேன் எடுப்பதில் அர்த்தமில்லை. தொந்தரவு வந்தால் மட்டும் பார்த்தால் போதும். உங்கள் கேள்வியில் சர்ஜன் சொன்னது இருக்கிறது, குடும்ப டாக்டர் சொன்னது இருக்கிறது, அப்பா என்ன சொல்கிறார் என்பது மட்டும் இல்லை. எம்ஆர்ஐக்கு நாள் குறிக்கும் முன்பே அதைக் கேட்டுவிடுங்கள்.